லேத் மெஷின் சாமந்தியும் ஜானகி அம்மாளும்

போன ஆயுத பூஜைக்கு நம்ம வொர்க்‌ஷாப்ல என்ன பண்ணோம்னு ஞாபகம் இருக்கா? லேத், மில்லிங், டிரில்லிங்னு எல்லா மெஷினையும் துடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு முழம் சாமந்தி சுத்தினோம். சேரப்பணஞ்சேரியில படிக்கிற உங்களுக்கு இது புதுசு இல்ல. அன்னைக்கு ஒரகடம் பக்கம் போனா கம்பெனி பஸ், ஃபோர்க்லிஃப்ட், மெயின் கேட் வரைக்கும் மஞ்சள் சாமந்திதான். ரெண்டு நாள் கழிச்சு லேபுக்குப் போனப்போ அந்த மாலை எல்லாம் காய்ஞ்சு, லேத்துக்குக் கீழே இரும்புச் சீவலோட சேர்ந்து கிடந்துச்சு. பெருக்கித் தள்ளினோம்.

அப்பதான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சுது. மூணு வருஷமா இந்தப் பூவைக் கட்டுறோம், ஆனா இதோட செடியை நான் பார்த்ததே இல்ல. அந்த வாரமே வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டு ஓரத்துல இருந்த ஒரு நர்சரியில மொட்டு விடாத ஒரு சின்னச் செடியை வாங்கிட்டு வந்து, ஹாஸ்டல் முன்னாடி பைக் நிறுத்துற இடத்துல வெச்சேன். தண்ணி ஊத்தினேன், மெஸ்ல கேட்டு டீத்தூள் சக்கை போட்டேன். செடி நல்லா புதர் மாதிரி வளர்ந்துச்சு. நவம்பர் கடைசி வரைக்கும் ஒரு மொட்டுகூட வரல.

நம்ம தோட்டத்துல வேலை செய்யற தாத்தா ஒருநாள் அதைப் பார்த்துட்டு மேலே கையைக் காட்டினார். மேலே பார்க்கிங்குக்காகப் போட்ட ஃபிளட் லைட். ராத்திரி பூரா இப்படி வெளிச்சம் அடிச்சா இது எப்படிப் பூக்கும்னு கேட்டுட்டு, மெஸ் பின்னாடி இருட்டா இருக்கிற இடத்துல கொண்டுபோய் வைக்கச் சொன்னார். நான் நம்பல. ரூமுக்குப் போய்த் தேடிப் பார்த்தேன். தாத்தா சொன்னது நூத்துக்கு நூறு சரி. சாமந்தி, பகல் குறைந்து இரவு நீளும்போது மொட்டு வைக்கிற செடி. இருட்டு இடைவெளி இல்லாம நீளமா இருக்கணும். நடுவுல வெளிச்சம் பட்டா, இன்னும் காலம் வரலைன்னு நினைச்சு இலையை மட்டும் வளர்த்துக்கிட்டே போகும். பாலிஹவுஸ்ல சாமந்தி வளர்க்கிறவங்க, செடி போதுமான உயரம் வளர்ற வரைக்கும் வேணும்னே ராத்திரியில லைட் போடுவாங்களாம். நான் தெரியாம செஞ்சதை அவங்க தெரிஞ்சே செய்யறாங்க.

தேட ஆரம்பிச்சா எனக்கு நிறுத்தத் தெரியாது. சாமந்தியோட ஒவ்வொரு செல்லிலும் சுமார் 54 குரோமோசோம் இருக்குன்னு ஒரு இடத்துல வந்துச்சு. மனுஷனுக்கே 46தான்! ஒரு முழம் பத்து இருபது ரூபாய்க்கு வாங்கிக் கட்டுற பூவுக்கு எதுக்கு இவ்வளவுன்னு மேலே படிச்சேன். தோட்டச் செடிகளோட குரோமோசோம் எண்ணிக்கையை எல்லாம் ஒண்ணாத் திரட்டி 1945-ல் ஒரு பெரிய அட்டவணைப் புத்தகம் வந்திருக்கு. எழுதினவங்க ரெண்டு பேர். ஒருத்தர் சி.டி. டார்லிங்டன்னு ஒரு ஆங்கிலேயர். இன்னொருத்தர் இ.கே. ஜானகி அம்மாள். இந்தப் பேரை நான் எங்கேயும் படிச்சதில்ல. அவங்க எங்கே இறந்தாங்கன்னு பார்த்தா, மதுரவாயல். சனிக்கிழமை ஊருக்குப் போறப்போ பஸ் ஜன்னல்ல தூங்கிக்கிட்டே நாம தாண்டுற அதே மதுரவாயல்.

அதனாலதான் இந்தக் கட்டுரை. ஒண்ணை மட்டும் முதல்லயே சொல்லிடறேன். சாமந்தியை உருவாக்கினது ஜானகி அம்மாள் இல்ல. அது சீனாவுல ஆயிரம் வருஷத்துக்கும் மேல வளர்த்துத் தேர்ந்தெடுத்த பூ. ஆனா ஒரு தோட்டப் பூ எப்படித் தோட்டப் பூவா ஆச்சுங்கிற கேள்விக்கு விடை தேடுறதுல ஆயுசு பூரா செலவழிச்சவங்க இவங்க. ஸ்கூல்ல தமிழ் எனக்கு ரெண்டாவது மொழிதான், எழுத்துல தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

தோட்டம் இருந்த வீடு

ஜானகி அம்மாள் பிறந்தது 1897 நவம்பர் 4-ம் தேதி, மலபாரில் உள்ள தலச்சேரியில். இன்றைக்கு அது கேரளம். அன்றைக்கு மெட்ராஸ் மாகாணத்தின் ஒரு பகுதி. அப்பா கிருஷ்ணன் சப் ஜட்ஜ். ரொம்பப் பெரிய குடும்பம், பத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அப்பாவுக்குக் கோர்ட் முடிந்தால் தோட்டம். செடிகளை வளர்ப்பார், பறவைகளைக் கவனிப்பார், பார்த்ததை எல்லாம் குறித்து வைப்பார். ஒரு பொண்ணு செடி கொடியைப் பார்த்து வளர்ந்தாள் என்பதில் பெரிய விஷயம் எதுவும் இல்லை. ஆனால் பார்த்ததை எழுதி வைக்கணும் என்கிற பழக்கம் எல்லா வீட்டிலும் கிடைக்காது.

அந்தக் காலத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் தாண்டுவதே அபூர்வம். அவருடைய அக்கா தங்கைகளுக்குக் கல்யாணம் நடந்தது. இவர் படிக்கணும்னு மெட்ராஸுக்கு வந்தார். ராணி மேரி கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் கல்லூரி தொடங்கியதே 1914-ல்தான் என்றால் அது எவ்வளவு புதுசு என்று நீங்களே யோசிச்சுக்கோங்க. பிறகு மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ். 1921-ல் பட்டம். அதன்பின் மெட்ராஸ் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியர் வேலை. நம்ம வீட்டுப் பாஷையில் சொன்னால், செட்டில் ஆகிட்டார்.

ஆனா அங்கேயே இருக்கல. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆசியப் பெண்களுக்காக பார்பர் உதவித்தொகை என்று ஒன்று இருந்தது. அதைப் பெற்று 1924-ல் கப்பல் ஏறினார். முதுகலை முடித்துத் திரும்பி வந்து மறுபடி பாடம் நடத்தினார், மறுபடி போனார். 1931-ல் அதே பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். அமெரிக்காவில் தாவரவியலில் அந்தப் பட்டம் வாங்கிய முதல் சில இந்தியப் பெண்களில் அவரும் ஒருவர். அங்கே இருந்தபோது இரண்டு கத்தரி இனங்களைக் கலந்து ஒரு புதிய கத்தரியை உருவாக்கினார். அதற்கு ஜானகி கத்தரி என்றே பெயர் வந்தது.

அவர் கற்றுக்கொண்ட கலை சைட்டாலஜி, அதாவது செல்லியல். செடியின் வேர் நுனியை எடுத்துச் சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக எண்ணுவது. சாஃப்ட்வேர் இல்லை, கேமரா இல்லாமலும் வேலை நடக்கும். கண், கை, பென்சில், அப்புறம் பொறுமை. மெட்டலர்ஜி லேபில் ஒரு சாம்பிளை பாலிஷ் பண்ணி கிரெய்ன் எண்ணச் சொன்னாலே நமக்குக் கழுத்து வலிக்குது. அவர் இதைச் சுமார் ஐம்பது வருஷம் செய்தார்.

கோயம்புத்தூர் கரும்பு

திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் இரண்டு வருஷம் பேராசிரியர். 1934-ல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்துக்கு வந்தார். அந்த நிலையம் 1912-ல் தொடங்கப்பட்டது. கோயம்புத்தூரை ஏன் தேர்ந்தெடுத்தாங்க தெரியுமா? கரும்பு அங்கே நல்லாப் பூக்கும், விதை பிடிக்கும். கரணை வெட்டி நடுகிற விவசாயிக்குப் பூவைப் பற்றிக் கவலை இல்லை. புது ரகம் உருவாக்கணும்னா பூ வேணும்.

அப்போது நம் நாட்டுக் கரும்பு மெலிசு, இனிப்பும் கம்மி. வெளிநாட்டுக் கரும்பு தடிமன், இனிப்பு, ஆனால் இங்கே தாக்குப்பிடிக்காது. டி.எஸ். வெங்கட்ராமன் தலைமையில் அந்த இரண்டையும், கூடவே பேய்க்கரும்பு என்று நாம் ஒதுக்குகிற காட்டுக் கரும்பையும் கலந்து புது ரகங்களை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். ஜானகி அம்மாள் அந்தக் கலப்புகளின் குரோமோசோம் கணக்கைப் பார்த்தார். எந்த இனம் எதோடு சேரும், சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவரிடம் எண் இருந்தது. 1938-ல் கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்த செடி பற்றி அவர் எழுதியது வெளிநாட்டு விஞ்ஞானிகளையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அதற்கு முன்பே, சி.வி. ராமன் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம் 1935-ல் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்திருந்தது.

இவ்வளவு இருந்தும் அவருக்கு அங்கே சுலபமாக இல்லை. பெண், கல்யாணம் ஆகாதவர், அன்றைக்குத் தாழ்த்திப் பார்க்கப்பட்ட தீயர் சமூகத்தைச் சேர்ந்தவர். இந்த மூன்றும் சேர்ந்து அவரைத் தனிமைப்படுத்தின என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கரும்பு எதோடு வேணும்னாலும் கலக்கலாம். மனுஷங்கதான் பக்கத்து டேபிள்ல உட்கார யோசிச்சாங்க.

குண்டு விழுந்த ஊர்

1939 ஆகஸ்டில் எடின்பரோவில் உலக மரபியல் மாநாடு. அதற்காகப் போனார். மாநாடு நடக்கும்போதே போர் மேகம் சூழ்ந்துவிட்டது. செப்டம்பர் 3-ம் தேதி பிரிட்டன் போரில் இறங்கியது. திரும்பி வருவது முடியாமல் போயிற்று. அவருக்கு அப்போது 41 வயது. நாலு நாள் மாநாட்டுக்கு எடுத்துட்டுப் போன பெட்டியோட ஒரு ஊர்ல மாட்டிக்கிட்டா நீங்களும் நானும் என்ன பண்ணுவோம்?

அவர் லண்டனுக்குப் போய் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் உதவி செல்லியலாளராகச் சேர்ந்தார். பேராசிரியராக இருந்தவர் உதவியாளராகச் சேர்ந்தார் என்பதைக் கவனிங்க. ராத்திரி லண்டன் மேல் ஜெர்மானிய விமானங்கள் குண்டு போடும். கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வாராம். காலையில் எழுந்து, லேப் அலமாரியில் சிதறிக் கிடக்கும் உடைந்த கண்ணாடியைத் துடைத்துவிட்டு, மறுபடி ஸ்லைடைப் பார்க்க உட்கார்வாராம். இந்தியாவிலிருந்து யாருக்கும் தெரியாமல் கொண்டுபோன ஒரு அணில் பிள்ளையும் அவரோடு அங்கே இருந்தது. அதற்கு கபோக் என்று பெயர். கபோக் என்றால் இலவம் பஞ்சு. குண்டு விழுற ஊர்ல நம்ம ஊர் அணில் ஒண்ணு லேபுக்குள்ள ஓடிட்டு இருந்திருக்கு.

அந்த வருஷங்களில்தான் டார்லிங்டனோடு சேர்ந்து அந்தப் பெரிய அட்டவணையை முடித்தார். மனிதர்கள் வயலிலும் தோட்டத்திலும் வளர்க்கிற ஆயிரக்கணக்கான செடிகள், ஒவ்வொன்றுக்கும் நேராகக் குரோமோசோம் எண், அது எங்கிருந்து வந்தது என்கிற குறிப்பு. போர் முடிந்த 1945-ல் புத்தகம் வந்தது.

எண்ணிக்கையில் என்ன இருக்கு?

இங்கேதான் நம்ம சாமந்தி வருது. சாமந்தியின் அடிப்படை எண் 9. சீனாவிலும் ஜப்பானிலும் காட்டில் இருக்கும் அதன் உறவுச் செடிகளைப் பார்த்தால் ஒன்றுக்கு 18, இன்னொன்றுக்கு 36, வேறொன்றுக்கு 54 என்று வரும். எல்லாமே ஒன்பதின் பெருக்கல். நம்ம தோட்டத்துச் சாமந்தி பெரும்பாலும் 54. அதாவது ஒன்பது ஒன்பதாக ஆறு செட். இதை பாலிப்ளாய்டி என்பார்கள். தமிழ்ப் பாடப்புத்தகத்தில் பன்மடியம்.

செட் கூடினால் என்ன லாபம்? பெரும்பாலும் செல் பெருசாகும். இலை தடிக்கும், இதழ் கெட்டியாகும். ஒவ்வொரு குணத்துக்கும் பல பிரதிகள் இருப்பதால், ஒன்று மாறினாலும் மற்றது தாங்கும். அதனால் மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போகும். சாமந்தியில் மஞ்சள், வெள்ளை, ஊதா, செம்பழுப்பு என்று இத்தனை நிறமும், பட்டன் மாதிரி குட்டிப் பூவிலிருந்து ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுப் பூ வரை இத்தனை வடிவமும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மீதிக் காரணம், தலைமுறை தலைமுறையாக நல்லதைப் பார்த்துப் பிரித்து வைத்த தோட்டக்காரர்கள். இன்னொண்ணு, நாம ஒரு பூன்னு சொல்ற சாமந்தி உண்மையில் ஒரு பூவே இல்லை. வெளிப்பக்கம் இதழ் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ. நடுவில் இருக்கிறதும் குட்டிக் குட்டிப் பூக்கள். லேத்துக்கு ஒரு முழம் போட்டீங்கன்னா ஆயிரக்கணக்கான பூ போட்டிருக்கீங்க.

போர் முடிந்ததும் அரச தோட்டக்கலைச் சங்கம் ஜானகி அம்மாளைத் தன் விஸ்லி தோட்டத்துக்கு அழைத்துக்கொண்டது. அங்கே சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட முதல் பெண் விஞ்ஞானி அவர். அழகுக்காக வளர்க்கும் செடிகளில் இந்தப் பன்மடியத்தை நாமே உண்டாக்க முடியுமா என்று பார்ப்பது அவர் வேலை. அதற்கு ஒரு மருந்து இருந்தது, கோல்சிசின். செல் பிரியும்போது குரோமோசோம்கள் முதலில் இரட்டிக்கும், பிறகு மெல்லிய இழைகள் அவற்றை இரண்டு பக்கமும் இழுத்துப் பிரிக்கும். கோல்சிசின் அந்த இழைகளை உருவாக விடாது. இரட்டித்தது பிரியாமல் ஒரே செல்லில் தங்கிவிடும். செட் இரண்டு மடங்கு.

இந்தக் கோல்சிசின் நமக்கு அந்நியம் இல்லை. தமிழ்நாட்டின் மாநிலப் பூவான செங்காந்தளில் இது இருக்கிறது. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று சொல்லி விதைக்காகவே பயிரிடுகிறார்கள். விஷச் செடி, விளையாட்டுக்குக்கூடத் தொட்டு வாயில் வைக்காதீங்க.

விஸ்லியில் அவர் மக்னோலியா நாற்றுகளின் குருத்தில் இந்தக் கரைசலை விட்டார். மக்னோலியா நம்ம செண்பகத்துக்குச் சொந்தக்காரி. நாற்று மரமாகிப் பூக்கப் பல வருஷம் ஆகும். இரட்டித்த மரங்களின் இலை தடிப்பாக, பூவின் இதழ் கனமாக வந்தது. அதில் ஒரு வெள்ளைப் பூ மரத்துக்கு ஜானகி அம்மாள் என்றே பெயர். அவர் காலத்து மரங்கள் விஸ்லியின் பேட்டில்ஸ்டன் குன்றில் இன்னமும் வசந்தத்தில் பூக்கின்றன. இங்கிலாந்துக்காரர்கள் அதன் கீழ் நின்று போட்டோ எடுக்கிறார்கள். பெயர்ப் பலகையில் இருக்கிறவர் யார் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, நம்மில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, கணக்குப் போட வேண்டாம்.

திரும்பி வந்தவர்

1951-ல் நேரு அவரைத் திரும்பி வரச் சொன்னார். 1890-ல் ஆங்கிலேயர்கள் தொடங்கிய இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறை ஏறக்குறைய செயலற்றுக் கிடந்தது. அதைச் சீரமைக்க வேண்டும். வந்தார். 1952-ல் பொறுப்பேற்றுத் திட்டம் போட்டுக் கொடுத்தார். நம் நாட்டுச் செடிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள நாம் லண்டனுக்குப் போய்ப் பார்க்க வேண்டியிருப்பது அவருக்கு உறுத்தலாக இருந்தது. ஆனால் துறையின் தலைமை பின்னர் வேறொருவரிடம் போனது. அவர் அலகாபாத்தில் மத்தியத் தாவரவியல் ஆய்வகத்தை நடத்தினார், பிறகு ஜம்மு, கொஞ்ச நாள் டிராம்பே. ஜம்முவில் அவர் பெயரில் இன்று ஒரு ஹெர்பேரியம் இருக்கிறது.

இந்தக் காலத்தில் அவர் பார்வை மெதுவாகத் திரும்பியது. 1955-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியை எப்படி மாற்றிவிட்டான் என்பது பற்றி ஒரு பெரிய கருத்தரங்கு. அழைக்கப்பட்டவர்களில் ஒரே பெண் இவர். உணவு உற்பத்தியைப் பெருக்குகிறோம் என்று காட்டை வெட்டுவதும், பழங்குடிகளுக்குத் தெரிந்த செடி அறிவை நாம் மதிக்காமல் விடுவதும் அவரை உறுத்த ஆரம்பித்திருந்தது. 1956-ல் மிச்சிகன் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1977-ல் பத்மஸ்ரீ. விருது வந்தபோது அவருக்கு 80 வயது நெருங்கிக்கொண்டிருந்தது.

மதுரவாயல்

1970-ல், 73 வயதில், மெட்ராஸுக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் ஓய்வுபெற்ற விஞ்ஞானிக்கான பொறுப்பு. மையத்தின் கள ஆய்வகம் மதுரவாயலில் இருந்தது. அங்கேயே தங்கினார். இன்றைக்கு நாம பார்க்கிற மேம்பாலமும் பைபாஸும் அப்போது கிடையாது. ஊருக்கு வெளியே இருந்த இடம். மருந்துச் செடிகளை வளர்த்தார், பூனைகளை வளர்த்தார். அந்தப் பூனைகளுக்குள் இருந்த சின்னச் சின்ன வித்தியாசங்களையும் கவனித்தாராம். கவனிக்காம இருக்கவே அந்த அம்மாவால முடியாது போல. உடுத்தியது பெரும்பாலும் மஞ்சள் புடவை, தேவைகள் ரொம்பக் கம்மி. கொடைக்கானலில் சமீபத்தில் உருவாக்கிய ஒரு மஞ்சள் ரோஜாவுக்கு, அந்தப் புடவை நிறத்தை நினைத்துத்தான் அவர் பெயரை வைத்தார்கள்.

அந்த வயதில் அவர் ஒரு சண்டையிலும் இறங்கினார். பாலக்காடு மாவட்டத்தின் சைலன்ட் வேலியில் குந்திப்புழா ஆற்றின் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்டத் திட்டம். கட்டினால் மழைக்காடு மூழ்கும். எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள் என்று நிறையப் பேர் எதிர்த்தார்கள். ஜானகி அம்மாளும் சேர்ந்துகொண்டார். அவர் கோஷம் போட்டதோடு நிற்கவில்லை. அந்தக் காட்டுச் செடிகளின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கிற வேலையைத் தொடங்கினார். இளமையில் கற்ற அதே வேலை, 80 வயதுக்கு மேல்.

நான் இந்த இடத்துல ரொம்ப நேரம் நின்னேன். ஒரு பூவோட செட்டை ரெண்டு மடங்காக்கத் தெரிஞ்ச கை அது. புதுசா ஒரு கரும்பை, ஒரு கத்தரியை உண்டாக்கினவங்க. எதை வேணும்னாலும் நாமளே செஞ்சுக்கலாம்னு சொல்ல அவங்களுக்குத்தான் முதல் உரிமை. அவங்க சொன்னது நேர் எதிரா இருந்துச்சு. கலப்பு செய்யணும்னா முதல்ல கலக்கிறதுக்கு மூலச் செடி வேணும். பேய்க்கரும்பு இல்லைன்னா கோயம்புத்தூர்க் கரும்பு இல்ல. காட்டுச் சாமந்தி இல்லைன்னா தோட்டத்துச் சாமந்தி இல்ல. அது வளர்ந்த காட்டை மூழ்கடிச்சுட்டா எந்த லேபும் திருப்பித் தராது. எண்ணிப் பார்த்தவங்களுக்குத்தான் எது குறையுதுன்னு தெரியும்.

1984 பிப்ரவரியில் மதுரவாயலில் இறந்தார். கடைசிவரை வேலை செய்துகொண்டே இருந்தார். அணைத் திட்டம் அதற்குள் கைவிடப்பட்டிருந்தது. அதே வருஷம் நவம்பரில் சைலன்ட் வேலி தேசியப் பூங்கா ஆனது. அதைப் பார்க்க அவர் இல்லை.

மெஸ் பின்னாடி

இப்போ ப்ளேஸ்மெண்ட் சீசன். என்னை ரெண்டு கம்பெனி கடைசி ரவுண்டுல வேண்டாம்னு சொல்லிடுச்சு. வீட்டுல இருந்து தினம் போன். எப்போ செட்டில் ஆவேன்னு கேட்டு ஒரு நாள்கூடத் தவறல. இந்த நேரத்துல ஜானகி அம்மாளோட ரெஸ்யூமே எழுதிப் பார்த்தேன். மெட்ராஸ், ஆன் ஆர்பர், திருவனந்தபுரம், கோயம்புத்தூர், லண்டன், விஸ்லி, கல்கத்தா, அலகாபாத், ஜம்மு, டிராம்பே, மதுரவாயல். எந்த எச்.ஆரும் பார்த்தவுடனே ஏன் இத்தனை மாற்றம்னுதான் கேட்பார். ஆனா உள்ளே ஒரே வேலைதான் இருக்கு. எந்த ஊர்ல கொண்டுபோய் விட்டாலும், என்ன பதவி கொடுத்தாலும் கொடுக்கலைன்னாலும், அடுத்த நாள் காலையில ஸ்லைடை எடுத்து எண்ண ஆரம்பிச்சிருக்காங்க. எனக்கு இது ஆறுதலா இருக்கான்னு கேட்டா, முழுசா இல்ல. அவங்க அளவுக்கு எனக்குப் பிடிச்ச ஒரு வேலை எதுன்னே இன்னும் எனக்குத் தெரியல. ஆனா மூணாவது கம்பெனிக்குத் தயாராகும்போது முன்னைவிடக் கொஞ்சம் பயம் குறைஞ்சிருக்கு. அது போதும்.

என் செடியை டிசம்பர் முதல் வாரம் மெஸ் பின்னாடி மாத்தினேன். ஜனவரியில மொட்டு தெரிஞ்சுது. இதை எழுதும்போது ஒன்பது பூ பூத்திருக்கு, நான் எண்ணிட்டேன். ஓரத்து இதழைப் பிச்சு அடியில பார்த்தா, அது ஒரு தனிக் குட்டிப் பூன்னு தெரியுது.

நீங்களும் வளர்க்கணும்னா ரொம்பச் சுலபம். பூத்து முடிஞ்ச செடியைக் குட்டையா வெட்டி விட்டா, அடியில பக்கக் கன்னுகள் வரும். அதை வேரோட பிரிச்சு ஜூன், ஜூலையில தொட்டியில நடுங்க. தண்ணி தேங்காத மண்ணா இருக்கணும், நல்ல வெயில் வேணும். நட்ட ஒரு மாசத்துல நுனியைக் கிள்ளி விட்டா பக்கக் கிளை நிறைய வரும், பூவும் நிறைய வரும். ஒரே பெரிய பூ வேணும்னா, ஒவ்வொரு கிளையிலும் உச்சி மொட்டை மட்டும் விட்டுட்டுப் பக்க மொட்டை எல்லாம் கிள்ளிடுங்க. அசுவினி ஒட்டினா தண்ணியை வேகமா அடிச்சுக் கழுவுங்க. செப்டம்பருக்கு அப்புறம் ராத்திரியில விளக்கு படாத இடத்துல வையுங்க. நம்ம பக்கம் அப்படி ஒரு இடம் கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம், எல்லாப் பக்கமும் ஏதோ ஒரு கம்பெனி லைட் எரியுது. மெஸ் பின்னாடி இன்னும் ஆறேழு தொட்டிக்கு இடம் இருக்கு.

அடுத்த ஆயுத பூஜைக்கு நான் இங்கே இருக்க மாட்டேன். லேத்துக்கு மாலை போடப்போற ஜூனியர்ஸ் ஒண்ணு மட்டும் பண்ணுங்க. கட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பூவை எடுத்துப் பிரிச்சுப் பாருங்க. அப்புறம் மதுரவாயலைத் தாண்டும்போது தூங்கிட்டு இருந்தா, முழிச்சுக்கோங்க.